நான்காம் இதழ் இன்னும் வரவில்லை

அத்-பாஷி
14 செப்டம்பர் 1997

அன்புத் தங்கை ஷாயிருக்கு,

அண்ணன் கெங்கெஷ் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? பிஷ்கெக்கில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா? நூலகத்தில் இந்தக் குளிர்காலமாவது அடுப்பு மூட்டுவார்களா? இங்கே நானும் உன் அண்ணி கலிப்பாவும் நலம். குளிர்காலத்துக்கான புல்லை வெட்டி உலர்த்தி ஏற்றியாகிவிட்டது. பழைய மாணவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் இன்னும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். பென்ஷனைவிட அது ஒழுங்காக வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை எசென்குல் பனியாற்றை அளக்கப் போய்த் திரும்பாமல் ஆகஸ்டோடு ஒரு வருடம் முடிந்துவிட்டது. தேடியவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். நேற்று உன் மாமியார் பாத்மா அம்மா வந்திருந்தார்கள்.

"வாத்தியாரே, எம் மகனுக்கு ஆஷ் குடுக்கணும். வருசம் தாண்டிப்போச்சு."

"உள்ள வாங்கம்மா. டீ குடிச்சிட்டுப் பேசலாம்."

"டீயெல்லாம் கெடக்கட்டும். சாம்பல் குதிரைய அன்னிக்கு அறுக்கன்னே விட்டு வச்சிருக்கேன். அது தின்னு தின்னு என்னைவிடக் கொழுத்துப்போச்சு. பனி விழுறதுக்குள்ள உன் தங்கச்சிய வரச்சொல்லு. பொண்டாட்டி கூடாரத்துல உக்காந்து ஒப்பாரி வைக்காம யாருக்குய்யா ஆஷ்?"

அவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறார்கள். மகனின் நினைவு விருந்தைத் தான் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆஷ் கொடுத்த பிறகுதான் இறந்தவருக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்பார்கள், மனைவியும் கறுப்பைக் கழற்றுவாள். நீ அதைக் கட்டவே இல்லை என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

எப்போது வருகிறாய்? கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் நலமே வேண்டும்
அண்ணன் கெங்கெஷ்


பிஷ்கெக்
9 அக்டோபர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் காலுறைகளும் கிடைத்தன. நான் நன்றாக இருக்கிறேன். கரண்ட் வருகிறது, மாலையில் மட்டும் போகிறது. நூலகத்தில் அடுப்பு மூட்டவில்லை, கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பாத்மா அம்மாவின் சளிக்குக் கரடிக் கொழுப்புக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது வேலை அதிகம். அடுத்த ஆண்டுக்கு எந்தெந்த இதழ்களுக்குச் சந்தா கட்டுவது, எவற்றை நிறுத்துவது என்று அக்டோபரில்தான் முடிவு செய்கிறார்கள். முன்பு மேலிடத்திலிருந்து பட்டியல் வரும், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இப்போது பாதியை வெட்ட வேண்டும். இயக்குநர் மம்பெதாலியெவ் சிவப்புப் பென்சிலோடு என் அறைக்கே வந்துவிட்டார்.

'பனிமலை ஆய்வு' பெயரில் பென்சிலை வைத்தார்.

"இது நின்னுபோச்சுல்ல?"

"நின்னுபோச்சுன்னு யாரும் சொல்லல."

"போன வருசம் நாலாவது இதழே வரல. இந்த வருசம் ஒண்ணுகூட வரல. இன்னும் யார் வந்து சொல்லணும், ஷாயிர்?"

"வெளியிடுறவங்க சொல்லணும்" என்றேன்.

அண்ணா, அதுதான் விதி. ஓர் இதழ் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் அனுப்புகிறோம். மூன்று முறை அனுப்பலாம். "மறுபடி அனுப்பியிருக்கிறோம்" என்றோ, "அச்சாகவில்லை" என்றோ, "இதழ் நிறுத்தப்பட்டது" என்றோ பதில் வரும். நிறுத்தப்பட்டது என்று அவர்களே எழுதினால்தான் அந்த இதழின் வருகையைக் குறிக்கும் அட்டையை நாங்கள் மூடலாம். பதில் வராமலிருப்பது பதிலாகாது. முதல் நினைவூட்டை மாஸ்கோவுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த நான்காம் இதழில்தான் எசென்குலின் கட்டுரை இருக்கிறது. போவதற்கு முந்தைய வசந்தத்தில் அனுப்பினார்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கை ஷாயிர்


அத்-பாஷி
2 நவம்பர் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம். கலிப்பாவின் முழங்கால் குறையவில்லை, ஆனால் நீ கேட்டாய் என்று சொன்னதும் அரை மணி நேரம் நொண்டாமல் நடந்தாள். கரடிக் கொழுப்புக் கிடைக்கவில்லை. நாய்க் கொழுப்புக் கொடுத்தோம். "உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத, அது பட்டணத்துப் பொண்ணு, வாந்தி எடுக்கும்" என்றார்கள் பாத்மா அம்மா.

கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் அழகாக விடை எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தெரியாமல் விடுபவர்கள் வேறு. அவர்கள் அந்த இடத்தில் எதையாவது கிறுக்கி வைப்பார்கள். தெரிந்தே விடுபவர்களின் தாள் சுத்தமாக இருக்கும். உன் கடிதம் மிகச் சுத்தமாக இருந்தது.

பனி விழுந்துவிட்டது. இந்த ஆண்டு ஆஷ் இல்லை. சாம்பல் குதிரை லாயத்துக்குள் போய்விட்டது. பாத்மா அம்மா லாயக் கதவைத் தானே சாத்தினார்கள்.

இயக்குநர் அந்த இதழை வெட்டிவிட்டாரா?

அண்ணன்


பிஷ்கெக்
20 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வெட்டவில்லை. ஓர் இதழை யாராவது கேட்டுப் படிக்கிறார்களா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வாசகர்கள் சீட்டு எழுதிக் கொடுத்து இதழை வாங்க வேண்டும். சீட்டுகளைப் பார்த்தபோது 'பனிமலை ஆய்வு'க்கு மாதந்தோறும் வாசகர் இருந்தார். பழைய ஆண்டுகளைக் கேட்டிருந்தார். அந்த வாசகர் நான்தான்.

வாசக அறையைக் கவனிக்கும் லூத்மிலா பெத்ரோவ்னா கூட்டத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நீயே சீட்டு எழுதறே, நீயே எடுத்துத் தர்றே, நீயே படிக்கறே, நீயே திருப்பி அடுக்கறே. மூணு பேர் சம்பளம் கேளேன்."

"படிக்கத்தான் செய்யறேன்."

"அப்படியா? பனியாறு எந்தப் பக்கம் ஓடுதாம்?"

"கீழதான்."

"பரவாயில்ல, படிச்சிருக்கே" என்றாள்.

பொய்ச் சீட்டு ஒன்றும் எழுதவில்லை. உட்கார்ந்து படிக்கிறேன். அட்டவணைகள்தான் அதிகம்.

இரண்டாம் நினைவூட்டும் போயிற்று. புத்தாண்டு வாழ்த்துகள்.

ஷாயிர்


அத்-பாஷி
25 ஜனவரி 1998

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். குளிர் கடுமை. பாத்மா அம்மா வெளியே வருவதில்லை. தபாலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துப் படித்துக் காட்டுகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபிக்காதே. என் வகுப்பில் ஒரு பையன் மூன்று மாதம் வரவில்லை. குடும்பத்தோடு ஓஷ் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு, ஆனால் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் அவன் பெயரைக் கூப்பிடுவேன், ஒரு கணம் நிறுத்துவேன், அடுத்த பெயருக்குப் போவேன். நியாயமாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவனோடு பெஞ்சில் உட்காரும் பையன் எழுந்து, "சார், நீங்க கூப்பிடாதீங்க சார். நீங்க கூப்பிடும்போதெல்லாம் நான் கதவப் பாக்கறேன்" என்றான்.

பாத்மா அம்மாவும் கதவைத்தான் பார்க்கிறார்கள், ஷாயிர்.

மூன்றாம் நினைவூட்டுக்கும் பதில் வராவிட்டால் உங்கள் விதி என்ன சொல்கிறது?

அண்ணன்


பிஷ்கெக்
18 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். அண்ணிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், படுக்கும்முன் தேய்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நினைவூட்டு பிப்ரவரி முதல் வாரம் போயிற்று. அதற்கும் பதில் வராவிட்டால் விதியில் ஒன்றும் எழுதவில்லை. முன்பு அப்படி நடந்ததில்லை.

ஓர் ஆண்டின் இதழ்கள் முழுவதும் வந்தால்தான் தைத்து அட்டை போட அனுப்புவோம். 1996இன் மூன்று இதழ்களை நூலால் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். நான்காவதற்கு விரல் பருமனுக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் வேறு எதையாவது தள்ளி வைத்துவிடுகிறார்கள். தினமும் போய் எடுத்துவிடுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. இரண்டு பேருக்கு மாவு பிசைந்துவிடுகிறேன், மிச்சத்தை லூத்மிலாவுக்குக் கொண்டுபோகிறேன். அதைத் தின்றே தான் பருத்துவிட்டதாக அவள் சொல்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன். புது ஆள் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஒவ்வோர் இதழிலும் தலைப்புப் பக்கத்திலும் பதினேழாம் பக்கத்திலும் நூலக முத்திரை குத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "ஏன் பதினேழு?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. முப்பது வருடமாகக் குத்துகிறேன்.

நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஷாயிர்


அத்-பாஷி
30 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

இந்த முறை நான்தான் தாமதம். குட்டி போடும் காலம், இரவெல்லாம் ஆட்டுப்பட்டியில்தான். கலிப்பா உன் மருந்தைத் தேய்த்துக்கொண்டு, "இது முழங்காலுக்கா, இல்ல லாரி டயருக்கா?" என்று கேட்கிறாள். ஆனால் குணம் தெரிகிறது.

மார்ச்சில் பாத்மா அம்மாவின் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது, ரஷ்ய மொழியில். படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள். "பதில் நீயே எழுதிப்புடு வாத்தியாரே, நீதான் அவளுக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒரு வரியில் எழுத வேண்டிய பதிலுக்கு நான்கு தாள் கிழித்தேன். நாற்பது வருடம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னவன் நான். எழுதுவது இவ்வளவு சிரமம் என்று தெரிந்திருந்தால் குறைவாகவே கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. வேறொன்றுமில்லை.

சாம்பல் குதிரை மேய்ச்சலுக்குப் போய்விட்டது.

அண்ணன்


பிஷ்கெக்
12 ஜூன் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமா? குட்டிகள் எத்தனை தங்கின? இங்கே வெயில், கோட்டைக் கழற்றிவிட்டோம்.

மாஸ்கோவிலிருந்து பதில் வந்துவிட்டது! மூன்றாம் நினைவூட்டுக்குத்தான். "1996ஆம் ஆண்டின் நான்காம் இதழ் காகிதத் தட்டுப்பாட்டால் நின்றிருந்தது, இப்போது அச்சில் இருக்கிறது, கோடையில் அனுப்புவோம்" என்று ஒரு வரி, முத்திரையோடு. அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"சொன்னேன்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னே, ஷாயிர். நீதான் சரி."

ஒன்றரை வருடம் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் நின்றுபோயிற்று என்றார்கள். எங்கேயோ தாமதமாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பாத்மா அம்மாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள், அண்ணா. அவர் எழுதிய கட்டுரை வருகிறது.

அலமாரி இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் ஷாயிர்


அத்-பாஷி
3 ஜூலை 1998

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பாத்மா அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். "பாவம்" என்றார்கள். யாரை என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் நலம். மூன்று குட்டிகள் தங்கவில்லை, மற்றவை தங்கின.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், செய்வாயா? அந்த இதழ் வந்தால் தனியாக இருக்கும்போது பிரிக்காதே. லூத்மிலாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஏன் என்று கேட்காதே. அண்ணன் சொன்னான் என்று வைத்துக்கொள்.

கலிப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கெங்கெஷ்


பிஷ்கெக்
11 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நான்காம் இதழ் வந்துவிட்டது. இன்று காலைத் தபாலில் வந்தது. நீங்கள் சொன்னபடி லூத்மிலாவைக் கூப்பிட்டேன். "இதழ் பிரிக்கறதுக்குச் சாட்சியா? இது என்ன கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கட்டைப் பிரித்தேன். பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்தினேன். அடுத்ததைக் குத்தப் பதினேழாம் பக்கத்தைத் திருப்பினேன். அவருடைய கட்டுரை அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது.

கட்டுரை எழுதியவர் இறந்துபோனால் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடிப்பது அந்த இதழ்களின் வழக்கம். முப்பது வருடத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு முத்திரை குத்தி, அட்டையில் குறித்து, அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டங்களுக்கு வெளியே யாராவது இருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

முத்திரையைப் பிடித்தபடியே நின்றேன்.

"என்னடி, பக்கம் கிழிஞ்சிருக்கா?" என்றாள் லூத்மிலா.

"இல்ல. எல்லாம் இருக்கு."

அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. கட்டுரையாசிரியர் 1996 ஆகஸ்டில் பனியாற்றில் பணியிலிருந்தபோது காலமானார் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, "பனியைக் கோல் வைத்து அளப்பதற்கு முன் அவர் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், வீட்டில் பெண்கள் மாவு பொங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல" என்று குடும்பத்தார் எழுதுகிறார்கள் என்றும் இருந்தது.

எந்த விஞ்ஞானி மாவை உதாரணம் சொல்வான், அண்ணா? அந்த ஒரு வரியிலேயே உங்கள் குரல் கேட்டுவிட்டது. மார்ச்சில் பாத்மா அம்மா வீட்டுக்கு வந்த கடிதம் இதழிலிருந்து வந்தது, கட்டுரையில் அவர் ஊர் முகவரிதான் கொடுத்திருந்தார். கட்டுரை எழுதியவர் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்தித் தருவாரா என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். எழுதியவருக்கான பிரதி நூலகத்துக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும், அது உங்கள் வீட்டில்தான் இருக்கும். எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அண்ணியின் மாவுப் பெட்டியிலா?

எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் நேரில் வந்து சொல்லியிருந்தால் நான் டீ போட்டுக் கொடுத்து, சந்தாவைப் பற்றிப் பேசியிருப்பேன்.

அதன் பிறகு நடந்ததை லூத்மிலா சொல்லித்தான் தெரியும். நான் முனகுவதாக முதலில் நினைத்தாளாம். பிறகுதான் அது பாட்டு என்று புரிந்ததாம். எனக்கு ஒப்பாரி தெரியாது, நான் கற்றுக்கொண்டதே இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி, குதிரையைச் சொல்லி, கோலைச் சொல்லி வந்துகொண்டே இருந்தது. குரல் மிகப் பெரியதாக இருந்ததாம். வாசக அறையில் இரண்டு மாணவர்களும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரும் எழுந்துவிட்டார்கள்.

அமைதி காக்கச் சொல்லி முப்பது வருடமாக ஊரையே அதட்டியவள் லூத்மிலா. அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, 'இன்று தூய்மை நாள்' என்ற பலகையை மாட்டிவிட்டாள். மாதக் கடைசியில் தூசி துடைக்க நூலகத்தை மூடுவோமே, அந்தப் பலகை. இயக்குநர் ஓடி வந்தார்.

"தூய்மை நாளா? இன்னும் மாசக் கடைசி வரலையே?"

"தூசி இன்னைக்குத்தான் வந்துச்சு. நீங்க மேல போங்க" என்றாளாம். அவர் கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாராம்.

மாலையில் முத்திரையைக் குத்தினேன். பெயர் மேல் படாமல் கொஞ்சம் தள்ளி. அட்டையில் வந்த தேதியை எழுதினேன். 1996 இப்போது முழுதாக இருக்கிறது. நாளை தைக்கப் போகிறது.

உங்களுடைய ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் விடை எழுதவில்லை. ஆஷைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள், பனி விழுவதற்கு முன்னால். குதிரையை மேய்ச்சலிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். பாத்மா அம்மாவிடம் நான் கூடாரத்தில் உட்காருகிறேன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். படித்துக் காட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.

அண்ணியிடம் கறுப்புத் துணி இருக்கிறதா என்று கேளுங்கள். என்னிடம் இல்லை. நான் வாங்கவே இல்லை.

தங்கை
ஷாயிர்